மணலுக்கும் தாய்மொழி உண்டு

அறிவு என்பது அயல்மொழியிற் பிறந்து, பின்னர்த் தமிழ்நாட்டிற்குக் கப்பலேறி வரும் சரக்கு என்னும் எண்ணம் தமிழ் கற்றவரிடையேயும் வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மெய்ப்பிக்க, உலகின் வடகோடியில் உள்ள ஒரு மணற்கரை போதும்.

இசுக்காட்லாந்துக்கு வடக்கே, ஏறத்தாழ 60 பாகை வட அகலக்கோட்டில், செட்லாந்துத் தீவுக்கூட்டம் உள்ளது. அதன் பெருந்தீவின் தென்மேற்குக் கரையில், பிக்டன் என்னும் சிற்றூருக்கு எதிரே, குடியில்லாச் சிறுதீவொன்று கிடக்கின்றது. தூய நினியன் தீவு என்பது அதன் பெயர். அச்சிறுதீவையும் பெருந்தீவையும் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள மணற்கரை ஒன்று இணைக்கின்றது. வலப்புறமும் கடல், இடப்புறமும் கடல், நடுவே மணல்வழி. ஓதம் மிக உயரும் நாள்களிலும், மாரிப் புயல் அடிக்கும் பொழுதிலும் அவ்வழியைக் கடல் மூடுகின்றது. ஓதம் வற்றியதும் மணல் மீண்டும் தலைகாட்டுகின்றது.

இதனை மாந்தர் எவரும் கட்டவில்லை. கட்டியது அலை. பெருங்கடலிலிருந்து வரும் அலை முதலில் தீவின் மேல் மோதுகின்றது. தீவின் இரு பக்கங்களிலும் கடல் ஆழங்குறைந்து வருவதால், அவ்வழிச் செல்லும் அலை விரைவு குன்றி, தீவைச் சுற்றி வளைகின்றது. இரு பக்கமும் வளைந்த அலைகள் தீவின் பின்புறத்தே, அதன் மறைவில், ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. எதிர்கொண்ட இடத்தில் அவற்றின் ஆற்றல் ஓய்கின்றது. ஆற்றல் ஓய்ந்த அலை தான் சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்கி வைக்கின்றது. இவ்வாறு பன்னூறு ஆண்டுகள் இறக்கி வைத்த மணலே தீவை நிலத்தோடு பிணைத்த கரையாயிற்று. அக்கரையின் இரு விளிம்புகளும் எதிரெதிராக வைத்த இரு பிறைகள் போல் உள்வளைந்திருப்பதே, அலை இருபுறமும் வந்து செதுக்கியமைக்குச் சான்று. மாரியிற் பேரலை மணலை வாரிச் செல்லும். கோடையின் மெல்லலை அதனைத் திருப்பிக் கொணரும். எனவே அது கிடக்கும் பொருளன்று. நாள்தோறும் நடக்கும் வினை.

நிலவியலார் இத்தகைய கரையைத் 'தொம்போலோ' என்கின்றனர். உலகப் பொதுவான அறிவியற் சொல் என்று பாடநூல்கள் அதனைப் போற்றுகின்றன. ஆனால், அச்சொல் எங்கே பிறந்தது? இத்தாலி நாட்டின் தசுக்கானிக் கடற்கரையில், மோந்தே ஆர்சென்தாரியோ என்னும் மலைத்தீவை நிலத்தோடு இணைக்கும் மணற்றிட்டுகளை அந்நிலத்து மக்கள் வழங்கிய பெயர் அது. மேடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் வேர் என்பர். கடற்கரைச் சிற்றூராரின் நாவில் வழங்கிய சொல்லை நிலவியலார் எடுத்துக்கொண்டனர். அது உலகச் சொல்லாயிற்று. பொதுச்சொல்லாகவே பிறக்கும் சொல் உலகில் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு நிலத்தின் சொல்லே பொதுச்சொல்லாக உயர்த்தப்படுகின்றது.

செட்லாந்து மக்களும் சொல் வறியர் அல்லர். பரற்கற்களாலான கடற்கரையை அவர்கள் 'எயர்' என்கின்றனர். கடல் புகுந்து மூழ்கிய நீண்ட பள்ளத்தாக்கு 'வோ' எனப்படும். பாறைக் கரையில் அலை அரித்த ஒடுங்கிய பிளவு 'கியோ' எனப்படும். இவை மூன்றும் பழைய நார்வே மொழியின் வழிவந்தவை. இன்று ஆங்கில நிலவியல் நூல்களிலும் இடம்பெற்றவை. கரை பரலால் ஆனதா, மணலால் ஆனதா என்பதைப் படகை இழுத்துக் கரையேற்றுபவன் ஆய்வாளனுக்கு முன்பே அறிவான். அவ்வறிவே சொல்லிற் படிந்திருக்கின்றது.

இங்கே ஒரு துயரமும் உண்டு. செட்லாந்தில் முன்பு வாழ்ந்த பிக்தரின் மொழி அழிந்தது. அதன்பின், ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து குடியேறியோர் பேசிய மொழி அங்கே நோர்ன் மொழியாக வளர்ந்தது. 1469-இல் தென்மார்க்கு – நார்வே மன்னன் தன் மகளின் மணக்கொடைப் பணத்திற்கு ஈடாகச் செட்லாந்தை இசுக்காட்லாந்து மன்னனிடம் அடகு வைத்தான். அடகு மீட்கப்படவே இல்லை. ஆட்சியும் வழிபாடும் வணிகமும் பிறமொழிக்கு மாறின. நோர்ன் மொழி மெல்ல மெல்ல வீட்டு மூலைக்கு ஒதுங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவிழந்து மாய்ந்தது.

தூய நினியன் தீவின் பழங்கோயில் இடிபாட்டில், 1958-இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில், சிலுவைக் குறி பொறித்த கற்பலகையின் அடியில் புதையல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சார்ந்த 28 பிக்தர் வெள்ளிப் பொருள்கள் அதில் இருந்தன. செட்லாந்தின் பழைய நார்வேச் சட்டப்படி அவை அரசுக்கு உரியன அல்ல என்று வழக்காடப்பட்டது. 1963-இல் தீர்ப்பு அரசின் பக்கம் நின்றது. வெள்ளி எடின்பரோ அருங்காட்சியகம் சென்றது. செட்லாந்து அருங்காட்சியகத்தில் படியுருக்களே உள்ளன. வெள்ளியைப் பெட்டியிலிட்டுத் தலைநகருக்கு எடுத்துச் செல்லலாம். 'எயர்' என்னும் சொல்லை யாராலும் எடுத்துச் செல்ல இயலவில்லை. மொழி மாய்ந்த பின்னும் அச்சொல்லை நிலம் காத்து நிற்கின்றது. ஆனால், பேசும் நாவை இழந்த மொழிக்கு இஃதொரு கல்லறை எழுத்தே அன்றி வாழ்வாகாது.

தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டுவது இதுவே. தமிழ் மாயவில்லை, வாழ்கின்றது. கொண்டல், கச்சான், சோழகம், வாடை எனக் காற்றைத் திசைதோறும் பெயரிட்டழைக்கும் பரதவர் இன்றும் உள்ளனர். தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலிலிருந்து தலைதூக்கும் மணற்றிட்டுகளைத் 'தீடை' என்று அவர்கள் வழங்குகின்றனர். காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் தீடையின் வடிவம் மாறுவதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டு 'பார்' ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை ஆய்ந்த ஆங்கிலேயரும் தம் அறிக்கைகளில் அச்சொல்லையே ஆண்டனர். நெல்லைக் கடற்கரையோரச் செம்மணற்காடு 'தேரி' ஆகும். 1956-இல் சாய்னர், ஆல்சின் என்னும் இருவர் அங்குள்ள நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதியபொழுது 'தேரி' என்றே எழுதினர். இன்றும் உலக நிலவியலார்க்கு அது தேரியே.

அயலான் தலைமேல் தூக்கி வைத்த சொல்லைத் தமிழன் தன் பிள்ளைக்குக் கற்பிக்க நாணுவது என்ன முறை? தீடையருகே வளரும் மீனவச் சிறுவன் வகுப்பறையில் 'தொம்போலோ'வை உருப்போடுகின்றான். தன் தந்தை நாள்தோறும் சொல்லும் சொல் அறிவியலைச் சார்ந்தது என்பதை அவனுக்கு யாரும் உரைப்பதில்லை. அதனால் அவன் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. தன் குடி தலைமுறை தலைமுறையாகக் கடலை ஆய்ந்த குடி என்னும் பெருமிதத்தையும் இழக்கின்றான்.

அறிவியற்சொல் எல்லார்க்கும் பொதுவாயிருத்தல் வேண்டும், இல்லையேல் உலகத்தோடு உறவறும் என்பர் சிலர். பிறநாட்டு அறிஞரோடு உரையாடும்பொழுது 'தொம்போலோ' என்பதைத் தமிழ் மாணவன் அறிந்திருத்தல் நன்றே. ஆனால், பொருளை முதலில் தன் மொழியில் விளங்கிக் கொண்டவனே பிறமொழியிலும் தெளிவுற உரைப்பான். 'தீவிணைதிட்டு' என்று சொன்ன அளவிலேயே, அது தீவை இணைக்கும் மணல்மேடு என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 'தொம்போலோ' என்றால் என்ன விளங்கும்?

சொல்லாக்கம் அறைக்குள் அகரமுதலிகளைப் புரட்டுவதோடு நின்றுவிடுதல் ஆகாது. புலவரும் நிலவியல் ஆசிரியரும் இராமேசுவரம் தொடங்கிக் கன்னிக்குமரி வரையுள்ள கடற்கரைகளில் பரதவரோடு அமர்ந்து, மணலுக்கும் ஓதத்திற்கும் அலைக்கும் காற்றுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டுதல் வேண்டும். அங்குள்ள சொல்லை முதலில் ஆளுதல் வேண்டும். இல்லாத இடத்திலேயே புதுச்சொல் படைத்தல் வேண்டும்.

தூய நினியன் தீவின் மணற்கரை ஒரே நாளில் எழுந்ததன்று. ஒவ்வோர் அலையும் ஒவ்வொரு பிடி மணலை இட்டது. தமிழ் அறிவியலும் அவ்வாறே எழும். சொற்களைப் பேசும் நாக்கள் உள்ளபொழுதே அவற்றை நூலில் ஏற்றுக! நாவிழந்த பின் நிலம் காக்கும் என்று வாளாவிருத்தல் தமிழர்க்கு அழகன்று.