பொய்ப் புகாருக்குப் பணியலாமா?

வித்துராவிலும், பொன்முடி, போனக்காடு மலைச் சரிவுகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டக் கூலியோ மாதச் சம்பளமோ மட்டும் போதுவதில்லை. மிளகு, ஜாதிக்காய், தேன், வீட்டில் தைத்த துணிமணி, சில சமயம் பழைய தையல் மிஷின் என்று எதையாவது செல்போன் மூலம் விற்று நாலு காசு பார்க்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். நெடுமங்காடு சந்தைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் மூட்டை சுமக்காமலே டில்லிக்கும் பம்பாய்க்கும் சரக்கு அனுப்பலாம் என்பது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆனால் புது வழி திறந்தால் புதுத் திருட்டும் கூடவே வரும்.

முன்பெல்லாம் வி.பி. பார்சலில் ரேடியோ கேட்டவருக்குச் செங்கல் வந்தது என்று கதை சொல்வார்கள். அன்று ஏமாந்தவர் வாங்கியவர். இன்று விற்பவர் வீட்டுக்கே செங்கல் திரும்பி வருகிறது. ஒரு வீட்டிலிருந்து இரண்டு கிலோ மிளகு வெளியூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே, "மிளகு முழுவதும் பூஞ்சை. பணத்தை உடனே திருப்பு. இல்லையேல் போலீசில் புகார் செய்வேன், உன் கடையைப் பற்றிக் கேவலமாக எழுதுவேன்" என்று ஒரு செய்தி வருகிறது. விற்றவருக்குக் கை கால் நடுங்குகிறது. வேற்று மாநிலத்தில் பிழைப்பவர். மலையாளமோ ஆங்கிலமோ சரளமாக எழுத வராது. போலீஸ் என்றால் பயம். பணத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். மிளகும் போயிற்று, பணமும் போயிற்று. மோசக்காரன் எதிர்பார்ப்பது இந்தப் பயத்தைத்தான்.

எல்லாப் புகாரும் பொய் என்று நாம் சொல்லவில்லை. மழை மிகுந்த இந்த மலையில் சரியாகக் காயாத மிளகு பூஞ்சை பிடிப்பதும், மூடி தளர்ந்த புட்டியிலிருந்து தேன் ஒழுகுவதும் நடக்கக்கூடியவையே. பழுதான சரக்கையும், சொன்னதற்கு மாறான சரக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வீட்டிலிருந்த பழைய மிஷினை ஒரு தடவை விற்பவருக்கு இவ்விதிகள் பொருந்தா. தொழிலாக விற்பவருக்குப் பொருந்தும். வாங்கி விற்கும் உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் தேவை. நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் எதிரியின் பொய்யை நிமிர்ந்து நின்று கேட்க முடியும்.

உண்மைப் புகாரையும் பொய்ப் புகாரையும் பிரித்தறிவது அத்தனை கடினமல்ல. நியாயமாக ஏமாந்தவர் சரக்கைத் திருப்பித் தரத் தயாராக இருப்பார். படம் கேட்டால் அனுப்புவார். மோசக்காரனோ பணம் மட்டும் கேட்பான், சரக்கைத் தரமாட்டான். "பாதிப் பணமாவது கொடு, நல்லபடியாக எழுதுகிறேன்" என்று பேரம் பேசுவான். விற்பனைத் தளத்தை விட்டுத் தனியாகப் பேச அழைப்பான். "தவறி அதிகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பு" என்று வங்கிச் செய்தி போன்ற ஒரு படத்தை அனுப்புவான். க்யூ.ஆர். குறியை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் உனக்கு வரும்" என்பான். யு.பி.ஐ. முறையில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணை அழுத்தினால் பணம் போகும், வராது. இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது. புகார் வந்ததும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்; சண்டைக்கும் போக வேண்டாம். "புகார் கிடைத்தது, பார்க்கிறோம்" என்று மரியாதையாகப் பதில் எழுதுங்கள். ஆர்டர் எண், மேலுறையில் ஒட்டிய சீட்டுடன் கூடிய படம், பழுது தெரியும் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். பேச்சு முழுவதும் விற்பனைத் தளத்துக்குள்ளேயே எழுத்தில் நடக்கட்டும். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

இந்தச் சமயத்தில் கைகொடுப்பது முன்யோசனைதான். சரக்கைக் கட்டும்போது எடை போடுவது முதல் ஒட்டி முடிப்பது வரை செல்போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். தபால் அல்லது கூரியர் ரசீதில் எடை குறித்திருக்கும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வரும் பார்சலையும் வீடியோ எடுத்தபடியேதான் பிரிக்க வேண்டும். இரண்டு கிலோ மிளகுக்குப் பதில் அரைக் கிலோ குப்பை வந்திருந்தால், தளம் குறித்துள்ள கெடுவுக்குள் அன்றே முறையிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டால் உள்ள உரிமையும் போய்விடும்.

பணமே பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். மோசக்காரன் எடுப்பதற்கு முன் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தாமதிக்கத் தாமதிக்க அந்த வாய்ப்பு குறையும். ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 318(4) பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளி வேறு மாநிலத்தில் இருக்கிறான் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த எல்லையில் நடந்த குற்றமாயினும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 173-ஆவது பிரிவு கூறுகிறது.

மொழி தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் 350-ஆவது ஷரத்து தரும் உரிமை. தமிழில் எழுதிய மனு இங்கு இரண்டாந்தர மனு ஆகாது.

தனி மனிதரின் ஜாக்கிரதை மட்டும் போதாது. 2020-ஆம் ஆண்டு விதிகள் வாங்குபவரைக் காக்கப் பிறந்தவை, அது சரியே. ஆனால் இரண்டு கிலோ மிளகு விற்கும் ஏழையைப் பெரிய கம்பெனிகளின் சொந்த நிபந்தனைகளுக்கு விட்டுவிடுவது நியாயமாகாது. விற்பவரின் சாட்சியத்தைப் பார்க்காமல் பணத்தைத் திருப்பக்கூடாது. அவருடைய முறையீட்டையும் ஒரு மனிதர் படித்துப் பார்த்து, அவருக்குப் புரியும் மொழியில் காரணத்தோடு பதில் தர வேண்டும். மத்திய அரசு விதிகளைத் திருத்தி இதற்கு வகை செய்ய வேண்டும்.

அதுவரை படித்த நம் குமாஸ்தாக்களுக்கும் ஆபீஸ் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ லயத்திலோ ஒருவருக்கு இப்படிப் புகார் வந்தால், அரை மணி நேரம் ஒதுக்கி அவருக்கு ஒரு பதில் எழுதிக் கொடுங்கள். ஒரு மாத உழைப்பு மோசக்காரன் கைக்குப் போகாமல் தடுக்க அந்த ஒரு பதில் போதும்.