ஐஸ் பிடிச்சுதா?

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன்.

அமீர்பேட்டில் எங்க மாடி போர்ஷனில் சிம்லாக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான். டிசம்பர் வந்தா தினமும் ராத்திரி அம்மாவுக்கு போன் போடுவான். சாப்பிட்டீங்களான்னு கேக்குறதுக்கு முன்னாடி அவன் கேக்குறது, "ஐஸ் பிடிச்சுதா?"

லக்கர் பஜார் பக்கம் இருக்குற ஸ்கேட்டிங் மைதானத்தைப் பத்திதான் கேக்குறான். 1920-ல் பிளெஸ்ஸிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர், டென்னிஸ் மைதானத்தில் தண்ணி உறைஞ்சு கிடக்குறதைப் பார்த்துட்டு ஆரம்பிச்சதாம். டெக்னிக் ரொம்ப சிம்பிள். சாயங்காலம் தரையில் தண்ணி அடிச்சு விடணும். ராத்திரிக் குளிர்ல உறைஞ்சா காலையில சறுக்கலாம். மேகம் வந்தா போச்சு, போர்வை மாதிரி தரையோட சூட்டை வெளியே விடாது. ராத்திரி ரெண்டு மூணு டிகிரி சூடு கூடினாலும் போச்சு. நமக்கு ரெண்டு டிகிரின்னா ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டி வைக்கிற விஷயம். உறையுறதா வேண்டாமான்னு இருக்குற தண்ணிக்கு அதுதான் எல்லாமே.

சறுக்குற நாள் குறைஞ்சுக்கிட்டே வருதுங்கறது பையனோட புலம்பல். சிம்லா மட்டுமில்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை, பனி போதாம மார்ச்சுக்குத் தள்ளி வச்சாங்க. நம்மாளுங்க நிறைய பேர் இருக்குற கனடாவிலும் இதே கதை. ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைஞ்சா 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்கிக்கிட்டே போகலாம். 2023-ல் அது ஒரு நாள்கூடத் திறக்கல. அம்பது வருஷத்துல அதுதான் முதல் தடவை.

"விளையாட்டுதானே, மெஷின் வச்சு ஐஸ் போட்டுக்க வேண்டியதுதானே?" அப்படின்னார் ஆபீஸ் நண்பர் ஒருத்தர். போடலாம் சார். ஆனா அந்த மெஷினுக்குக் கரண்ட் வேணும். நம்ம நாட்டுக் கரண்ட்டில் பெரும்பங்கு நிலக்கரியை எரிச்சுத்தான் வருது. சூட்டைக் கூட்டி ஐஸ் செய்யுறது என்ன கணக்கு? செலவும் டிக்கெட் விலையில்தான் வந்து விழும். குளிருக்கு யாரும் பில் போட்டதில்லை.

நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க ஊர்க் குளத்துல. சொல்லிக் கொடுத்தது சித்தப்பா, ஃபீஸ் தலையில ரெண்டு குட்டு. இப்போ அந்தக் குளம் பூரா சீமைக்கருவேலம். என் பொண்ணு இங்க மாசாமாசம் பணம் கட்டி நீந்தக் கத்துக்குறா. நீச்சல் அழியல, வாஸ்தவம்தான். ஆனா பணம் இருக்குற வீட்டுப் பிள்ளைகளுக்குன்னு ஆயிடுச்சே! ஐஸுக்கும் அதே கதி வந்துடக் கூடாதுன்னுதான் சொல்றேன். மெஷினைக் கொண்டு வந்து வச்சுட்டு, பிரச்சினை தீர்ந்ததுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

முன்னல்லாம் ஊருக்கு போன் பண்ணினா "குளம் பெருகுச்சா?"ன்னு நானும் கேப்பேன். எப்போ நிறுத்தினேன்னு ஞாபகமே இல்லை. மாடிப் பையன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான். அவன் நிறுத்தாம இருக்கணும்.

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா?