கண்ணசைவில் ஆறுமா மனக்காயம்?

மராட்டியர் கால இராணுவக் கோட்டைகள் 12-இல் ஒன்றாக, 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அன்று எங்கள் ஊரே பெருமிதம் கொண்டது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் இதே ஊர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. செஞ்சி வட்டாரத்திலும் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

வடிந்தது தண்ணீர் மட்டும்தான். எங்கள் தெருவில் பெட்டிக்கடை நடத்தும் அக்கா ஒருவர், வானம் இருட்டினால் இன்றும் அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றிவிடுகிறார். மழைச் சத்தம் கேட்டால் இரவு முழுவதும் கண் மூடுவதில்லை. சென்னையில் பணிபுரியும் அவருடைய மகள், கைப்பேசி காணொலி வழியாகக் 'கண்ணசைவுச் சிகிச்சை' அளிக்கும் ஒருவரைப் பற்றி அறிந்து என்னிடம் கேட்டார்: "இது உண்மையான வைத்தியமா, ஏமாற்று வேலையா?" அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஏமாற்று வேலை அன்று. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ தம் சொந்த அனுபவத்திலிருந்து உருவாக்கத் தொடங்கி, 1989-இல் ஆய்வாக வெளியிட்ட இம்முறை 'இ.எம்.டி.ஆர்.' என்று அறியப்படுகிறது. வேதனை தரும் நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்களால் பின்தொடர வேண்டும். எட்டுக் கட்டங்கள் கொண்ட இச்சிகிச்சையில் கண்ணசைவு ஒரு பகுதியே. முதற்கட்டங்களில் நோயாளியின் கடந்தகாலம் கேட்டறியப்படுகிறது. மனம் தத்தளித்தால் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் பயிற்சி தரப்படுகிறது. அதன் பின்னரே நினைவைத் தொடுகிறார்கள்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறுக்கு இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. நடந்ததை விரிவாக விவரிக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை என்பது, துயரத்தை வெளியே சொல்லத் தயங்கும் நம் சமூகத்துக்குப் பொருத்தமான கூறு. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் இந்திய உளவியலாளர்கள் பலர் இதில் பயிற்சி பெற்றனர்.

எனினும், ஒரு விவாதம் இன்னும் முடியவில்லை. குணம் தருவது கண்ணசைவா, அல்லது பாதுகாப்பான சூழலில் அந்த நினைவை மீண்டும் எதிர்கொள்வதா? ஒரே நேரத்தில் நினைவையும் அசைவையும் கவனிக்கும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு வெறும் துணைச்சரக்கு என்பது ஐயமுடையோர் கருத்து. சிகிச்சை பயன் தருகிறது என்பதில் அவ்வளவு கருத்து வேறுபாடு இல்லை.

இணையத்தில் விரலுக்குப் பதிலாகத் திரையில் ஒரு புள்ளி நகர்கிறது. அல்லது கைகளை மார்பின் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டிக்கொள்ளும் 'பட்டாம்பூச்சி அணைப்பு' பயன்படுகிறது. 1997-இல் மெக்சிகோவைத் தாக்கிய பாலின் சூறாவளிக்குப் பின், அங்குள்ள குழந்தைகளுக்கு உதவும் முயற்சியில் பிறந்த உத்தி இது. கொரோனா காலத்துக்குப் பின் வந்த இணையவழி ஆய்வுகள் நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால், அவற்றின் எண்ணிக்கை குறைவு.

என் கவலை புள்ளியைப் பற்றியது அன்று. அந்தப் புள்ளியின் பின்னால் இருப்பவரைப் பற்றியது. நினைவைக் கிளறிய நொடியில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? நோயாளி இருக்கும் முகவரியும் அருகில் உள்ள உறவினரின் எண்ணும் சிகிச்சையாளரிடம் உள்ளனவா? வேதனைக்குக் காரணமானவரே அடுத்த அறையில் இருந்தால்? இவற்றைக் கேட்டறியாமல் சிகிச்சையைத் தொடங்குவோரிடமும், 'பத்தே நிமிடத்தில் விடுதலை' என்று புள்ளியை மட்டும் விற்கும் செயலிகளிடமும் எச்சரிக்கை தேவை. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, இம்முறையில் தனிப்பயிற்சி பெற்றவரா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அக்காவுக்கு வேறு இரு தடைகள் இருந்தன. ஓர் அமர்வின் கட்டணம் அவருடைய ஒரு வார வருமானம். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் யாருக்கும் கேட்காமல் அழுவதற்கு இடமில்லை. முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு வாரந்தோறும் சென்றுவந்தால், அன்றைய கடை வியாபாரம் போய்விடும்.

மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இது நல்ல முதல் வாசல். ஆனால், ஒரு தொலைபேசி அழைப்பில் ஆறாத காயங்களுக்குத் தொடர் சிகிச்சை என்னும் அடுத்த வாசல் திறக்க வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செஞ்சி போன்ற வட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகளில் தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு திரை, தடைபடாத இணைப்பு, நெருக்கடியில் உள்ளே வந்து கைபிடிக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் ஆகியவை போதும். சிகிச்சையாளர் முண்டியம்பாக்கத்திலோ சென்னையிலோ இருக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்களில் சிலருக்கேனும் இம்முறையில் முறையான பயிற்சி அளிக்க வேண்டும்.

வெள்ள நிவாரணப் பட்டியலில் இடிந்த வீடும் இறந்த கால்நடையும் இடம்பெறுகின்றன. உறங்காத இரவுகள் இடம்பெறுவதில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு ஏரிக் கரைகளைப் பலப்படுத்தும்போது, இந்த அறையையும் அரசு ஆயத்தப் பணிகளில் சேர்க்கட்டும். அக்காவின் மகளிடம் நான் சொன்னது இதுதான்: "வைத்தியம் உண்மைதான், வைத்தியர் யார் என்று பாருங்கள். அதுவரை 14416-ஐ அழையுங்கள்."