ராங் ஆன்சர் வந்த பிறகு



கல்லூரி மாணவர்களின் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. “என் கணினியில் விடை சரியாக வருகிறது. ஆன்லைன் ஜட்ஜில் சப்மிட் செய்தால் ‘ராங் ஆன்சர்’ என்கிறது. எங்கே தவறு என்றும் சொல்வதில்லை. என்ன செய்ய?”

ஸ்பெயினின் வயாதோலித் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் மிகேல் ஆங்ஹெல் ரெவிய்யா 1995இல் தொடங்கி, 1997இல் உலகம் முழுமைக்கும் திறந்துவிட்ட ஜட்ஜ், அதாவது அனுப்பும் நிரலைத் தானே சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் தளம், யுவிஏ. அதன் 100ஆம் எண் கணக்கை இந்த மாணவர்கள் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஓர் எண் இரட்டைப்படையானால் பாதியாக்கு. ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 1 வரும்வரை தொடர். இரண்டு எண்கள் தரப்படும். அவற்றுக்கு இடையில் மிக நீளமாக ஓடும் வரிசையின் நீளம் என்ன? 1, 10 கொடுத்தால் 20.

சுலபம்தான். ஆனால் முதல் எண்தான் சிறியது என்று கேள்வியில் எங்கும் இல்லை. 10, 1 என்று வந்தால் உங்கள் ஃபார் லூப் ஒருமுறைகூடச் சுற்றாது. எண்களை இடம் மாற்றிச் சமாளித்தாலும், அச்சிடும்போது வந்த வரிசைப்படியே 10 1 20 என்று வர வேண்டும். இன்னும் பெரிய எண்களுக்கு நீட்டிப் பாருங்கள். 1,13,383இல் தொடங்கும் வரிசை நடுவில் 248 கோடியைத் தாண்டுகிறது. 32 பிட் இன்ட் தாங்குவது சுமார் 214 கோடி.

இதையெல்லாம் ஜட்ஜே சொல்லியிருந்தால் ஒரு வரியைத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். சொல்லாததால் கேள்வியை மறுபடி படிக்கிறீர்கள். அதில் இல்லாத எதை நீங்களாகவே இருப்பதாக எடுத்துக்கொண்டீர்கள் என்று தேடுகிறீர்கள். அந்தத் தேடலை யாரும் உங்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்பதால்தான், தீர்வைப் பார்க்க அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

ஜட்ஜ் சொல்லும் இன்னொரு தீர்ப்பான ‘டைம் லிமிட் எக்சீடட்’, அதாவது நேர வரம்பைத் தாண்டியது என்பது, அவ்வளவு மர்மமானதல்ல. உள்ளீட்டில் 2 லட்சம் எண்கள் என்றால் இரண்டு அடுக்கு லூப் 4,000 கோடி முறை சுற்றும். நொடிக்கு 10 கோடி என்று தோராயமாக வைத்தாலும் 400 நொடி. வரிசைப்படுத்திச் செய்யும் வழி இருந்தால் சுமார் 35 லட்சம் படிகளில் முடியும். நிரல் எழுதுமுன் தாளில் போட வேண்டிய கணக்கு இது.

ராங் ஆன்சருக்கு வழி ஒன்று உண்டு. அதே கணக்குக்கு மெதுவான, ஆனால் சந்தேகமே இல்லாத இன்னொரு நிரல் எழுதுங்கள். சின்னச் சின்ன உள்ளீடுகளை ரேண்டமாக உருவாக்கி இரண்டுக்கும் கொடுங்கள். விடைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே உட்காருங்கள். கோட்ஃபோர்சஸ், கோட்செஃப், அட்கோடர் என எந்தத் தளத்தில் பயின்றாலும் இது உதவும்.

உங்கள் நிரலைக் கவிழ்த்த உள்ளீட்டை நீங்களே கண்டுபிடித்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கணக்கு, என்ன உள்ளீடு, நீங்கள் நினைத்திருந்தது என்ன என்ற மூன்றும் இருக்கட்டும். நல்லவற்றை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்