அனுபவம் என்னும் பூச்சாண்டி

அமெரிக்காவில் நர்ஸிங் அஸிஸ்டெண்ட் பயிற்சியை முடித்து, பரீட்சையிலும் தேறி, மாகாணப் பதிவேட்டில் தம் பெயர் ஏறிவிட்டதைக் கண்ணாரக் கண்டவர்களிடம் வாழ்த்துச் சொல்லப் போனால், அவர்களில் பலர், "அனுபவமில்லாதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். வகுப்பறையில் பிறந்த இந்த அபிப்பிராயம் இன்று வேதவாக்கின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. வெறும் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். நம்பியவரைக் கெடுக்கும் பொய்யாக இருப்பதால் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்ததே 1987-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டந்தான். குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி என்று அது விதித்தது. கலிபோர்னியா அதனை 160 ஆகவும், மெயின் 180 ஆகவும் உயர்த்திக்கொண்டன. பயிற்சி முற்றுப்பெறாதவரைக்கூட, அவர் பயின்றுகொண்டிருக்கும்போதே, நான்கு மாதம் வரையில் நர்ஸிங் ஹோம்கள் பணியில் அமர்த்திக்கொள்ள அதே சட்டம் இடமளிக்கிறது. அரைகுறைப் பயிற்சியோடு வருபவருக்கே கதவு திறக்கும் ஒரு துறையில், முழுப் பயிற்சியும் பெற்றவரை வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சுவது எந்தத் தர்க்க சாஸ்திரத்தைச் சேர்ந்தது?

நம் ஊரில் நர்ஸிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் சிகிச்சைக்கும் போகிற தனியார் ஆஸ்பத்திரி. அங்கேயோ அது, தாமாக எழுந்து நடமாட இயலாத முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கிற இல்லம். இந்த வித்தியாசத்தில்தான் பிரமையின் வேர் இருக்கிறது. ஓராண்டு அனுபவம் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறவை பெரும்பாலும் ஆஸ்பத்திரிகள். கௌரவம் ஆஸ்பத்திரியில்தான் குடியிருக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டவர்கள், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, அதுவே சகல ஸ்தாபனங்களின் விதி என்று முடிவுகட்டி, இன்னொரு சான்றிதழுக்குப் பணம் கட்டப் புறப்பட்டுவிடுகிறார்கள். உழைப்பு கடினம், கூலி சொற்பம் என்பதால் நர்ஸிங் ஹோம்களில் ஆள் நிலைப்பதில்லை. இது அவற்றுக்குப் பெருமையல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியவருக்கு அங்கே இடமில்லை என்பது மட்டும் உண்மையல்ல.

காத்திருப்பதில் இன்னொரு விபரீதமும் உண்டு. தொடர்ந்து 24 மாதம் இத்தொழிலில் ஊதியம் பெற்று உழைக்காதவர், மறுபடியும் பயிற்சிக்கோ பரீட்சைக்கோ உட்பட வேண்டும். ஆஸ்பத்திரி அழைக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர், இல்லாத அனுபவத்துக்காக ஏங்கி, கையிலிருந்த தகுதியையும் இழக்கிறார். சொந்தப் பணத்தில் படித்தவர் 12 மாதத்துக்குள் மெடிகெய்டு என்னும் அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்த நர்ஸிங் ஹோம் ஒன்றில் அமர்ந்தால், பணிக்காலத்துக்குத் தக்கபடி அந்தச் செலவு திரும்பக் கிடைக்கவும் சட்டத்தில் வழியுண்டு. அதுவும் காத்திருந்தவருக்கு இல்லை.

புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்பதையாவது ஏற்கலாமா? பக்கவாதத்தால் இடக்கை விழுந்துபோன ஒரு கிழவிக்குச் சட்டை மாட்டும்போது அந்த நலிந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும் என்பதையும், கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகவே, ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பகுதியால் துடைக்க வேண்டும் என்பதையும், சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் எவரையும் எழுப்பக்கூடாது என்பதையும் செய்து பழகித்தானே இவர் சான்றிதழ் வாங்கினார்! சிசுருஷையில் வேகம் பிறகு வரும்; முறை முன்னமே வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, எட்டு மாதம் ஆஸ்பத்திரிகளுக்கே விண்ணப்பம் எழுதிச் சலித்து, கடைசியில் தம் தெருக்கோடியிலிருந்த நர்ஸிங் ஹோமுக்குள் மனமில்லாமல் நுழைந்தார். அனுபவம் என்ன என்று கேட்பார்கள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனவரிடம், அங்கிருந்த நர்ஸ் கேட்டவை இரண்டு: காலை 7 மணி ஷிப்டா, மாலை 3 மணியா, இரவு 11 மணியா, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறுகளில் வர முடியுமா?