மெதுவாக நடப்பதும் நடத்தப்படுவதும்

பேரன் கணினியில் 'டியர் எஸ்தர்' என்ற விளையாட்டை ஆடிப் பார்த்தேன். 2012இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவொன்றில் தனியாக நடக்க வேண்டும். எஸ்தருக்கு எழுதிய கடிதத் துண்டுகளை ஒரு குரல் வாசிக்கும். கடலும் குகையும் கொள்ளை அழகு. ஆனால் ஓட முடியாது, குதிக்க முடியாது, ஒரு கூழாங்கல்லைக்கூடக் கையில் எடுக்க முடியாது.

மெதுநடை எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு 'ஃப்ளானே' என்றால் தெரியும்: கால் போன போக்கில் உலாவுவது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அப்படித்தானே நடக்கிறோம்? சுண்டல் வாங்க நிற்கலாம், தெரிந்தவரோடு பேசலாம், வேண்டுமானால் எட்டி நடக்கலாம். விளையாட்டிலோ வேகத்தை யாரோ முடிவு செய்துவிட்டு, 'சுற்றிப் பார்' என்கிறார்கள். தொட முடியாத தீவில் எதைத் தேடுவது?

கோப்பு நகர்ந்த வேகத்திலேயே உத்தியோகக் காலம் முழுவதும் நகர்ந்தாயிற்று. ஓய்வுக்குப் பிறகாவது நடையின் வேகம் நம்முடையதாக இருக்கட்டும்.