பிரவுசரில் வந்தால் பேப்பரிலும் வந்துவிடுமா?

மென்பொருள் வேலையில் எல்லாவற்றையும் கவனமாகத் திட்டமிடுகிறவர்கள்கூட ஒரு விஷயத்தில் அசட்டையாக இருப்பார்கள். பில், கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் என்று தாளில் அச்சாகி ஒருவர் கைக்குப் போக வேண்டியவற்றைத் திட்டத்தின் கடைசி வரியில் எழுதுவார்கள். “பேஜ்தான் ஏற்கெனவே இருக்கே, அதையே பிடிஎஃப்பா மாத்திடலாம்” என்பார் மேனேஜர். புரோகிராமரும் தலையாட்டுவார். எந்த லைப்ரரியின் விளக்கக் குறிப்பைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே மூன்று வரி கோடு இருக்கும்: எச்டிஎம்எல்லைக் கொடு, பிடிஎஃப்பை வாங்கிக்கொள். வலைப்பக்கமும் அச்சுத்தாளும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள் என்ற இந்த நம்பிக்கை எங்கள் தொழிலில் மிகப் பரவலானது, மிகத் தவறானதும்கூட. அதற்கான விலையைக் கோடு எழுதியவர் கொடுப்பதில்லை; பில்லைக் கையில் வாங்குகிறவர் கொடுக்கிறார்.

வலைப்பக்கத்துக்கு உயரம் கிடையாது. எவ்வளவு நீண்டாலும் உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அகலமும் பார்ப்பவரின் திரையைப் பொறுத்தது. சேலை யார் உடம்பிலும் சுற்றிக்கொள்ளும், ரவிக்கையை அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும். தாள் ரவிக்கையைப் போன்றது. ஏ4 என்றால் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான். அளவைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பப்பெட்டியர் நல்ல உதாரணம். குரோமை சர்வரில் இயக்கப் பலரும் பயன்படுத்தும் இந்தக் கருவி, தாளின் அளவை நாம் குறிப்பிடாவிட்டால் அமெரிக்கர்களின் லெட்டர் தாளை எடுத்துக்கொள்ளும். அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் அதை ஏ4 தாளில் போடும்போது ஓரம் வெட்டுப்படும், இல்லையென்றால் மொத்தமும் சுருங்கும். பின்னணி நிறத்தையும் கேட்டால்தான் அச்சிடும். டிசைனர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீலப் பட்டை தாளில் இருக்காது.

இவையெல்லாம் செட்டிங்கில் சரியாகிவிடும். உண்மையான தலைவலி, பக்கம் எங்கே உடைகிறது என்பது. டெஸ்டிங்கில் மூன்று பொருளைப் போட்டுப் பார்ப்பார்கள், அழகாக வரும். மளிகை மொத்த வியாபாரி 43 பொருளுக்கு பில் போடுவார். அப்போது ஒரு வரிசையின் மேல்பாதி முதல் தாளிலும் கீழ்ப்பாதி இரண்டாம் தாளிலும் விழும். சில கருவிகளில் 8 என்ற எண் நடுவில் அறுந்து இரண்டு பூஜ்யமாக நிற்பதும் உண்டு. மொத்தத் தொகை மட்டும் தனியாக ஒரு தாளில் போய் உட்காரும். “அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம்” என்ற வரி, எதை அங்கீகரிக்கிறது என்றே தெரியாமல் வெற்றுத்தாளின் உச்சியில் தொங்கும். அதை யாராவது வேறொரு பில்லோடு பின் அடித்துக் கொடுத்தால் கேட்பதற்கு ஆளில்லை. கையால் கணக்கெழுதிய காலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையான கூட்டுத்தொகையை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே கொண்டுவருவார்கள். இந்தச் சாதாரண கணக்கு ஒழுங்கை பிரவுசரால் தானாகச் செய்ய முடியாது. எந்த வரிசை எந்தத் தாளில் விழும் என்பது அடுக்கி முடித்த பிறகுதான் அதற்கே தெரியும்; கூட்டுத்தொகையோ அதற்கு முன்பே உங்கள் கோடில் போடப்பட்டுவிட்டது.

“சிஎஸ்எஸ்ஸில் இதற்கெல்லாம் விதி இருக்கிறதே” என்று ஒருவர் சொல்லலாம். இருக்கிறது. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே தாளின் ஓரங்களுக்கும் பக்க உடைப்புக்கும் விதிகள் இருந்தன. பிரவுசர் செய்தவர்களுக்குத் திரைதான் சோறு போட்டது, அச்சை யார் கவனித்தார்கள்? தாளின் விளிம்பில் தலைப்பையும் பக்க எண்ணையும் சிஎஸ்எஸ் கொண்டே வைக்கும் வசதி குரோமுக்கு 131-ஆம் பதிப்பில்தான் வந்தது, 2024-இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இதை ஒழுங்காகச் செய்துகாட்டியவை அச்சுக்கென்றே எழுதப்பட்ட கருவிகள். மெல்போர்னிலிருந்து 2003-இல் வெளிவந்த பிரின்ஸ் அவற்றில் முக்கியமானது. சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்த ஹோகன் வியும் லீ, பெர்ட் போஸுடன் சேர்ந்து எழுதிய சிஎஸ்எஸ் நூலின் மூன்றாம் பதிப்பு 2005-இல் எச்டிஎம்எல்லில் எழுதப்பட்டு பிரின்ஸ் வழியாகத்தான் அச்சுக்குப் போனது. ஆகவே எனக்கு எச்டிஎம்எல்லோடு சண்டை இல்லை. தாளை நினைத்து எழுதிய எச்டிஎம்எல் அழகான புத்தகமாகும். திரைக்கு எழுதியதைத் தூக்கித் தாளில் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அப்படித் தூக்கிப்போட உதவிய கருவிகளின் கதியையும் பார்க்க வேண்டும். டபிள்யூகேஎச்டிஎம்எல்டூபிடிஎஃப் என்று ஒன்று, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பத்தாண்டுக்கு மேல் பாதி உலகத்தின் பில்கள் அதன் வழியாகத்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். உள்ளே இருந்தது ஒரு பழைய வெப்கிட் எஞ்சின். இன்றைய பக்கங்களை அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் எதுவும் அதற்கு ஒழுங்காகத் தெரியாது. 2020-க்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை, 2023-இல் திட்டத்தையே மூடிவைத்தார்கள். இதே வேலைக்குப் பயன்பட்ட ஃபேண்டம்ஜேஎஸ் 2018-லேயே நின்றுபோனது. இரண்டும் இன்னும் எத்தனையோ சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஏனென்றால் “ஓடுறதைத் தொடாதே” என்பது எங்கள் தொழிலின் இன்னொரு வேதவாக்கு.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்த வரிசையிலேயே நிற்கும். தமிழில் “பெ” என்று எழுதினால் யூனிகோடில் முதலில் பகரம், பிறகு ஒற்றைக்கொம்பு. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். “கொ” என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். “கு”, “டி” போன்றவை தனி வடிவமாக மாற வேண்டும். இந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற எஞ்சின்கள் செய்கின்றன. குரோமுக்குள் அது இருக்கிறது, பைத்தானில் எழுதப்பட்ட வீஸிபிரிண்ட்டுக்கும் அதன் துணை இருக்கிறது. பிஎச்பிக்காரர்கள் அதிகம் நம்பும் டாம்பிடிஎஃப்பில் இல்லை. விளைவு, பெருமாளின் கொம்பு பகரத்தை விட்டு ரகரத்தின் மேல் சாய்ந்துவிடும். கோவிந்தனின் ககரம் கொம்பும் காலும் பின்னால் வரத் தனியே நிற்கும். கொம்பு வருகிற தமிழ்ப் பெயர் இருக்கிற எல்லா ரசீதிலும் பிழை. “ஃபாண்ட் மாத்திப் பாருங்க” என்று ஆலோசனை வரும். எந்த எழுத்துருவைப் போட்டாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் எழுத்தை அடுக்கத் தெரியாதது லைப்ரரி.

குரோமுக்கு மாறினால் தீருமா? பாதி தீரும். சிறிய டாக்கர் இமேஜ்களில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்காது. புரோகிராமரின் லேப்டாப்பில் தெளிவாக வந்த தமிழ் சர்வரில் கட்டங்கட்டமாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை நிறுவ வேண்டும் என்பது முதல் புகார் வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். எழுத்துரு வந்த பிறகும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் கிடக்கும். அதிலிருந்து ஒரு பெயரைக் காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கொம்பு முன்னே, மெய் பின்னே என்று வந்து விழலாம். கோப்புக்குள் பெயரைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அதை உளறலாம். பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்கிறவர்கள் இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

ரூபாய்க் குறியீட்டையும் சொல்லாமல் விட முடியாது. தமிழரான உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியீட்டை அரசு 2010 ஜூலையில் ஏற்றது, அதே ஆண்டு யூனிகோடிலும் சேர்ந்தது. பிடிஎஃப்பின் பதினான்கு அடிப்படை எழுத்துருக்களோ அதற்கெல்லாம் மூத்தவை. அவற்றை நம்பியே இருக்கும் பில்களில் இன்றும் தொகைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும். வாடிக்கையாளரிடம் பணம் கேட்கும் ஆவணம் தானே சந்தேகப்படுவது போல.

குரோமை சர்வரில் ஓட்டுவதற்கும் கூலி உண்டு. திரை இல்லாமல் ஓடும் வசதி 2017-இல் 59-ஆம் பதிப்போடு வந்தது. பலரும் அதை ஒரு லைப்ரரியாக நினைக்கிறார்கள். அது முழு பிரவுசர். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் மெகாபைட் நினைவகத்தை எடுக்கும். டாக்கர் இயல்பாகக் கொடுக்கும் 64 எம்பி பகிர்வு நினைவகம் போதாமல் நடுவில் விழும். ஒன்றாம் தேதி மொத்த வாடிக்கையாளருக்கும் பில் அனுப்பும்போதுதான் இது தெரியவரும். அவசரத்தில் இணையத்தில் கிடைத்த தீர்வைப் பார்த்து சாண்ட்பாக்ஸ் பாதுகாப்பை அணைத்துவிடுவார்கள். வேலை நடக்கும். கதவும் திறந்திருக்கும்.

கதவு என்று சும்மா சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் ஒருவர் பெயருக்குப் பதிலாக, வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் ஐஃப்ரேம் ஒன்றை எழுதி, அதில் சர்வரின் சொந்தக் கோப்பு ஒன்றின் முகவரியைக் கொடுக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் வடிகட்டாமல் டெம்ப்ளேட்டில் சேர்த்தால், அந்தக் கோப்பின் உள்ளடக்கம் அவருடைய ரசீதில் அச்சாகி அவருக்கே போய்ச் சேரலாம். அமேசான் கிளவுடில் 169.254.169.254 என்ற உள்முகவரியைக் கொடுத்தால், கவனமில்லாத அமைப்பில் சர்வரின் தற்காலிகச் சாவிகளே வந்துவிடும். டபிள்யூகே கருவி உள்கோப்புகளைப் படிப்பதை இயல்பாகவே தடுக்க ஆரம்பித்தது 2020-இல் வந்த அதன் கடைசி வெளியீட்டில்தான். டாம்பிடிஎஃப்பில் எழுத்துரு என்ற பெயரில் பிஎச்பி கோப்பை இறக்கி இயக்கவைக்கும் ஓட்டை 2022-இல் வெளியானது, பிறகு அடைத்தார்கள். கோப்பை மாற்றித் தருகிற சிறு வேலை என்று நினைத்த இடத்தில், யாரோ எழுதியதைத் திறந்து பார்க்கும் பிரவுசர் ஒன்றை உங்கள் சர்வருக்குள் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

அச்சுக்கென்று தனி டெம்ப்ளேட் எழுதுங்கள். திரையில் இருக்கும் மெனுவையும் பட்டனையும் மறைத்துக் காலம் தள்ளாமல், தரவை எடுத்துத் தாளுக்கான அடுக்கை முதலிலிருந்து போடுங்கள். அட்டவணையின் தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வரட்டும், கையொப்பம் மொத்தத் தொகையை விட்டுப் பிரியாமல் இருக்கட்டும். பக்கவாரியான கூட்டுத்தொகை வேண்டுமென்றால் ஒரு தாளுக்கு எத்தனை வரிசை என்பதை உங்கள் கோடே முடிவு செய்யட்டும். பயனர் எழுதியது எதுவும் வடிகட்டப்படாமல் உள்ளே போகக் கூடாது. பிடிஎஃப் செய்யும் இடத்துக்கு வெளியுலகத் தொடர்பே வேண்டாம். மூன்று வரிசை, 43 வரிசை, கொம்பும் காலும் நிறைந்த நீளமான பெயர் எல்லாவற்றையும் போட்டு, நிஜமான ஏ4 தாளில் ஒருமுறை அச்சடித்துப் பாருங்கள். பத்து ரூபாய் செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். “எப்ப கேட்டாலும் திரும்ப ஜெனரேட் பண்ணிக்கலாம்” என்று பலர் பிடிஎஃப்பைச் சேமிப்பதே இல்லை. மூன்று வருடத்தில் முகவரி மாறும், லோகோ மாறும், டெம்ப்ளேட்டை யாராவது திருத்துவார்கள், குரோமின் பதிப்பும் மாறும். பழைய எண்ணும் பழைய தேதியும் கொண்ட புதிய பில் ஒன்று பிறக்கும், வாடிக்கையாளரிடம் இருப்பதோடு அது ஒத்துப்போகாது. கொடுத்தது எதுவோ அந்தக் கோப்பையே பத்திரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது.